டீ மாஸ்டரை டிஸ்டர்ப் பண்ணாதீங்க!

நாவலூர்ல ரயில்வே ஸ்டேஷன் கிடையாது பாஸ். ஊருக்குப் போகணும்னா தாம்பரமோ எழும்பூரோ ஓடணும். அதுக்கும் முதல் நாளே, காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் யுத்தம்! ஸ்க்ரீன்ல வட்டம் சுத்துறதைப் பார்த்து நீங்களும் சாபம் விட்டிருப்பீங்க. எனக்குச் சோறு போடுறதே வெப் சர்வர்ங்கிறதால, அந்த வட்டத்து மேல கொஞ்சம் பரிதாபம் உண்டு.

எங்க ஆபீஸ் வாசல் டீக்கடையைப் பாருங்க. பிஸ்கட் பாட்டில், பன், வடைத் தட்டு எல்லாம் முன்னாடியே இருக்கும். நாமே எடுத்துக்கலாம். 'ஒரு ஸ்ட்ராங், ஒரு சர்க்கரை கம்மி'ன்னு கேட்டாதான் மாஸ்டர் வேலை. பிஸ்கட்டையும் அவரே எடுத்துக் கொடுக்கணும்னா? பால் பொங்கிடும்!

வெப்சைட்லயும் லோகோ, படம், டிசைன் எல்லாம் உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுதான். அது பிஸ்கட். மிச்சம் எத்தனை பெர்த், உங்க பேர்ல டிக்கெட்... இதெல்லாம் கேக்கக் கேக்கப் போடுற டீ. ரெண்டையும் ஒரே சர்வர் தலையில கட்டினா, யாரோ ஒருத்தர் சிக்னல் இல்லாத இடத்துல ஒரு படத்தை இறக்கி முடிக்கிற வரைக்கும் சர்வரோட ஒரு கை அங்கேயே மாட்டிக்கும். அதான், படம் கொடுக்க லேசான சர்வர் தனி, கணக்குப் போட பெரிய சர்வர் தனி. அதுக்கும் ஒரு படி மேல, ஊர் ஊருக்குக் காப்பி வெச்சுக் கொடுக்கிற சி.டி.என்.

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்துல ஸ்டாட்டிக் சமாச்சாரத்துல 87 சதவிகிதம் இப்படி சி.டி.என். வழியாப் போகுதுன்னு 2025 ஜூன்ல ரயில்வே சொன்னது. அந்த வருஷம் மே 22, காலை 10 மணிக்கு ஒரே நிமிஷத்துல 31,814 டிக்கெட்! (தானியங்கி பாட்களை விரட்டினதுக்கும் இதுல பங்கு உண்டு.)

ஆனா, டீயைப் பிஸ்கட்னு நினைச்சுட்டா வம்பு. 2015 கிறிஸ்துமஸ் அன்னிக்கு 'ஸ்டீம்' கேம் கடையில கேஷ் செட்டிங் தப்பாகி, ஒருத்தரோட அக்கவுன்ட் பக்கம் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சது. பாதிப்பு சுமார் 34,000 பேருக்கு. பெர்த் எண்ணிக்கையும் அப்படித்தான். பழைய காப்பியைக் காட்டினா, '12 இருக்கு'ன்னு ஆசை காட்டி வெயிட்டிங் லிஸ்ட்ல தள்ளிடும். எத்தனை சி.டி.என். வெச்சாலும் நெல்லைக்கு ஒரு பெர்த்கூட கூடப்போறதில்லை, அது வேற டிபார்ட்மென்ட்!

உங்க காலேஜ் சிம்போசியம் சைட்டைத் திறந்து எஃப்12 தட்டுங்க. நெட்வொர்க் பகுதியில எத்தனை பிஸ்கட், எத்தனை டீன்னு எண்ணலாம். ரிஜிஸ்ட்ரேஷன் கடைசி நாளுக்கு முன்னாடியே எண்ணிடுங்க, ப்ளீஸ்!