ஹெரால்டுக்கு எந்த பிரேக் ஆயில்?

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே திரும்பினால் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. நான் போனபோது ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று ஸ்டாண்டில் ஏறி நின்றது. முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுசாகத் தூக்கும் அதன் பானெட் திறந்திருந்தது. இந்த வண்டிக்குச் சொந்த ஊர் பக்கத்தில்தான். பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961இல் ஹெரால்டு தயாரிப்பு தொடங்கியது. ஆலை மூடிப் பல்லாண்டு ஆகிவிட்டது. அதன் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன என்றால் இப்படிப்பட்ட பட்டறைக்காரர்களால்தான்.

மேஸ்திரி மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே ஆயில் பழைய டிகாஷன்போல் கறுத்திருந்தது. “குறைஞ்சா ஊத்துவாங்க சார். மாத்தணும்னு யாருக்கும் தோணாது” என்றார்.

மாற்றத்தான் வேண்டும். கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு இவை 230, 155. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. இந்த ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். அது கைவிட்டால் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே.

உரிமையாளர் டாட் 5 பாட்டில் ஒன்றை வரவழைத்து வைத்திருந்தார். மேஸ்திரி அதை ஓரமாக வைத்தார். “நம்பர் பெரிசா இருந்தா நல்லதுன்னு இல்ல சார். இது சிலிக்கான். லைன்ல இருக்கற ஆயிலோட சேராது.” டாட் 5.1 வேறு, அது கிளைக்கால் இனம். ரப்பர் கிட் புதிதாகப் போட்ட பழைய வண்டிக்கு டாட் 3 அல்லது டாட் 4 போதும் என்பது அவர் தீர்ப்பு.

வீல் சிலிண்டரிலிருந்து எடுத்த ரப்பர் உப்பியிருந்தது. யாரோ எப்போதோ இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். மினரல் ஆயில் பட்டால் இந்த ரப்பர் ஊதிவிடும். அதனால் பாகங்களைக் கழுவ மேஸ்திரி பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ தொடவில்லை; புது பிரேக் ஆயிலிலேயே கழுவினார். அது சிந்தினால் பெயின்ட் உரியும் என்று அடியில் ஈரத்துணி விரித்தார்.

பிறகு ஏர் எடுக்கும் வேலை. தொலைவில் உள்ள இடது பின்சக்கரம் முதலில். “அமுக்கு… பிடி… விடு” என்று அவர் கீழிருந்து சொல்ல, சீட்டில் இருந்த பையன் “சரிண்ணே” என்று மிதித்தான். நிப்பிளில் மாட்டிய டியூபில் குமிழி அடங்கி, தெளிந்த ஆயில் வரும்வரை அடுத்த சக்கரத்துக்கு அவர் நகரவில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களே, கிலோமீட்டரைப் பார்க்காமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுங்கள். சீல் உடைக்காத டின்னையே வாங்குங்கள். நான்கு சக்கரத்துக்கும் பொறுமையாக ஏர் எடுப்பவரிடம் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள்.