றெக்கைக்குத் துணி எடுக்க சத்திரம் வாங்க!

திருச்சிக்காரங்களுக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டைப் பத்தித் தனியா சொல்லணுமா என்ன? ஒண்ணாம் நம்பர் பஸ், ஸ்ரீரங்கம் போற கூட்டம், கூப்பிடு தூரத்தில் ரெண்டு பெரிய காலேஜ், நிமிர்ந்தா மலைக்கோட்டை. 2021 கடைசியில் புதுக் கட்டடமும் வந்தாச்சு. ஆனா, இங்கே இறங்கி நடக்கிற தூரத்தில் விமானத்தின் றெக்கைக்குத் துணி கிடைக்குமானு யாராவது தேடியிருக்கீங்களா? நாங்க தேடினோம்!

நாங்கன்னா, தேர்ட் இயர் மெக்கானிக்கல் பசங்க நாலு பேர். வீட்டிலேயே கட்டும் குட்டி விமானமான அல்ட்ராலைட்தான் எங்க மினி புராஜெக்ட். முழு விமானம் இல்லீங்க, ஒரே ஒரு றெக்கைத் துண்டு. அதுக்கே பாக்கெட் மணி பத்தலை! அமெரிக்காவில் இன்ஜின் வெச்ச ஒற்றை சீட் அல்ட்ராலைட்டின் காலி எடை 115 கிலோவுக்கு உள்ளே இருக்கணும். தகடு போர்த்தினா எடை எகிறிடும். அதனால அலுமினியக் குழாயிலோ மரத்திலோ எலும்புக்கூடு, அதுக்கு மேல துணி.

'துணியில பறக்கறதா?'னு சிரிக்காதீங்க. 1903-ல் ரைட் சகோதரர்கள் றெக்கைக்குப் போர்த்தினது சாதாரண மஸ்லின். பெண்களின் உள்ளாடை தைக்க விற்ற ரகம் அது! நம்ம சத்திரத்துக்கும் ஆகாயத்துக்கும்கூட சொந்தம் உண்டு. பக்கத்து செயின்ட் ஜோசப் காலேஜில் பிசிக்ஸ் படிச்சு 1954-ல் முடிச்ச பிறகுதான் அப்துல் கலாம், ஏரோநாட்டிக்ஸ் படிக்க குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார்.

சரி, ஷாப்பிங். மெயின்கார்டு கேட் தாண்டி, தெப்பக்குளத்தை ஒட்டி என்.எஸ்.பி. ரோட்டில் நுழைந்தால் ரெண்டு பக்கமும் துணிக்கடைதான். ஒரு லைனிங் கடையில் நின்றோம்.

"சுடிதாருக்கா, கோட்டுக்கா தம்பி?"

"ஏரோப்ளேனுக்குண்ணே."

அண்ணன் அசரலையே! "மேட்சிங்குக்கு பிட்டு கொண்டாந்திருக்கியா?"

எங்களுக்குத் தேவை பாலியஸ்டர். பருத்தி மாதிரி மக்காது, சூடு காட்டினா சுருங்கி இறுகும். அசல் பாலியஸ்டரானு பார்க்க ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் போதும். பருத்தி பேப்பர் நாத்தத்தோடு சாம்பலாகும்; பாலியஸ்டர் உருகி முனையில் மணி கட்டும். மூணு ரகம் மணி கட்டிச்சு. ஒவ்வொண்ணிலும் ஒரு மீட்டர் வாங்கி, 30 செ.மீ. சதுரம் வரைஞ்சு அயர்ன் பண்ணினால்... சொல்லிக்கிற மாதிரி சுருங்கவே இல்லை!

காரணம் மில்லில் இருக்கு. சட்டை, சுடிதார் துணியெல்லாம் துவைச்சா சுருங்கக் கூடாதுனு அங்கேயே சூட்டில் 'ஹீட் செட்' பண்ணிடறாங்க. விமானத் துணி அந்த வேலை ஆகாத கிரே துணி. அது சுமார் 10 சதவீதம் சுருங்கும். ஃப்ரேமில் ஒட்டி, 121 டிகிரி செல்சியஸில் தொடங்கி 177 வரை படிப்படியா அயர்ன் பண்ணணும். 177-ஐத் தாண்டினா இறுகின துணி தளர்ந்துடும். அயர்ன் பாக்ஸ் டயலை நம்பாம தெர்மாமீட்டர் வெச்சுப் பார்க்கணும்.

"அதுக்கு சூரத்துலதான் கேக்கணும்"னு சொன்ன அண்ணனே, ரெண்டு வாரத்தில் ரெண்டு மீட்டர் வரவழைச்சுக் கொடுத்தார். சூடு காட்டினதும் தட்டிப் பார்த்தோம். தவில் சத்தம்!

அப்போ இதைப் போர்த்திக்கிட்டுப் பறந்துடலாமா? மாட்டவே மாட்டேன். கணக்கு பாருங்க. விமானம், பைலட், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 200 கிலோ, றெக்கை 14 சதுர மீட்டர்னா, நேரா பறக்கும்போதே ஒவ்வொரு சதுர மீட்டரும் 14 கிலோவுக்கு மேல சுமக்குது. திருப்பத்தில் நாலு மடங்கானா 57 கிலோ! அதுவும் பெரும்பங்கு மேல் பக்கத்தில். அங்கே காற்றழுத்தம் குறையறதால, துணி சட்டத்தை விட்டு மேலே பிய்த்துக்கொண்டு போகத்தான் பார்க்கும். பசையை மட்டும் நம்பாம, குறுக்குச் சட்டமான ரிப்போடு சேர்த்து நூலால் தைக்கிறது இதுக்காகத்தான். சதுர மீட்டருக்கு 90 கிராம் எடையுள்ள ரக விமானத் துணியோட பலம் சோதிச்சு சான்றிதழோடு வரும். எங்க துணிக்கு பில் மட்டும்தான் வந்தது.

காசை மிச்சம் பிடிக்கணும்னா பெயின்ட்டில் பிடிக்கலாம். பாலியஸ்டருக்கு எமன் வெயிலின் புற ஊதாக் கதிர். அதைத் தடுக்க அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு அடிப்பாங்க. வெளிநாட்டில் வீட்டிலேயே விமானம் கட்டுறவங்க சிலர், வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷனையே அடிக்கிறாங்க. முதல் கோட்டைத் தண்ணி கலந்து, நெசவுக்குள் இறங்கும்படி பிரஷ்ஷால் தேய்க்கணும். இல்லேன்னா பின்னாடி தோலா உரியும்.

'இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம்'னு ஒதுக்கிட முடியாது. தொடுபுழா பக்கத்து சஜி தாமஸ், காது கேட்காத, வாய் பேச முடியாத மனிதர், ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றவர். அவர் கட்டின ரெண்டு சீட் அல்ட்ராலைட் 2014-ல் நம்ம திருநெல்வேலிச் சீமை மணிமுத்தாறில் பறந்தது. பிருத்விராஜ் நடிச்ச 'விமானம்' (2017) படத்துக்கு அவர் கதைதான் தூண்டுதல். ஆர்வக் கோளாறில் கிளம்பிடாதீங்க மக்களே, நம்ம நாட்டில் டி.ஜி.சி.ஏ. அனுமதி இல்லாம அல்ட்ராலைட்டைக் கிளப்பக் கூடாது.

எங்க ரெண்டு மீட்டரில் பாதிக்கு வெள்ளிப் பூச்சும் எமல்ஷனும் அடிச்சோம். மீதி வெறும் துணி. ரெண்டும் இப்போ ஹாஸ்டல் மொட்டை மாடியில் திருச்சி வெயிலில் காயுது. அக்னி நட்சத்திரம் முடிஞ்சதும் லேப்பில் கிழிச்சுப் பார்க்கப் போறோம். என்.எஸ்.பி. ரோடு அண்ணன் இப்பவே ரிசல்ட் கேட்டு போன் பண்றார்.