தனுஷ்கோடியில் ரா... ஜேபெக்... அம்மாச்சி!

எங்கள் காலேஜ் போட்டோகிராபி கிளப்பில் மொத்தம் பதினோரு பேர். ஆனால், கட்சி இரண்டுதான். ஒன்று, ‘ரா’ பார்ட்டி. இன்னொன்று, ஜேபெக் பார்ட்டி. கேன்டீனில் டீ ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் இரண்டு கோஷ்டிக்கும் வாய்ச் சண்டை நடக்கும். ‘ரா’ன்னா உளவுத்துறைதானேன்னு நினைக்கிற ஃபர்ஸ்ட் இயர் பசங்க, ஒண்ணும் புரியாம முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க.

அடியேன் ஜேபெக் பார்ட்டி. என் ரூம்மேட், ரா பார்ட்டியின் கொள்கை பரப்புச் செயலாளர். போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஆளுக்கொரு கேமராவோடு மதுரையில் ராமேஸ்வரம் பாசஞ்சர் ஏறினோம். பார்க்கிறவங்களுக்கு டூர் மாதிரி தெரிந்தாலும், எனக்கு ஒரு அசைன்மென்ட் இருந்தது. கொடுத்தது ஹெச்.ஓ.டி. இல்லை... என் அம்மாச்சி!

அம்மாச்சி பிறந்த ஊர் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி அந்தப் புயல் வந்தபோது அவங்களுக்கு ஒன்பது வயசு. கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க பாம்பனில் சித்தி வீட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அந்த ஊர்ப் பக்கம் போனதில்லை. கேட்டால் முட்டி வலி என்பார்கள். முட்டி வலி வந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்காட்ட மாட்டோம்.

“நான் வரலை ராசா. நீ போறப்ப அந்தக் கோயில் சுவத்தை மட்டும் ஒரு படம் புடிச்சுட்டு வா. நான் புதுநன்மை வாங்குன இடம்டா அது. பவளப்பாறைக் கல்லுல கட்டுனது. கல்லு தெரியுற மாதிரி எடு.”

கல்லு தெரியுற மாதிரி. இதுதான் கண்டிஷன்!

ரயிலில் ஒரு பட்டிமன்றம்

பரமக்குடி தாண்டுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி விளக்கம். கேமராவுக்குள் இருக்கும் சென்சார், வெளிச்சத்தை வெறும் எண்களாகத்தான் அளக்கிறது. அந்த எண்களை அப்படியே கார்டில் எழுதி வைத்தால், அது ரா. கேமராவே கலர் போட்டு, கான்ட்ராஸ்ட் கூட்டி, தேவையில்லை என்று நினைப்பதைத் தூக்கி எறிந்து, சுருக்கிக் கொடுத்தால், அது ஜேபெக்.

“ரா அரிசி மூட்டை மாதிரி. பொங்கலோ பிரியாணியோ, நீதான் சமைச்சுக்கணும்” என்றான் அவன்.

“பசிக்கிறப்ப எவன்டா அரிசி மூட்டையைத் தூக்கிட்டு அலையுறது? ஜேபெக் பார்சல் சாப்பாடு. பிரிச்சோமா, சாப்பிட்டோமா!” என்றேன் நான்.

சுருக்குகிற வித்தைக்குப் பின்னால் ஒரு இந்திய மூளை இருப்பது எனக்குப் பெருமை. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், கே.ஆர்.ராவ் மூணு பேரும் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட கணக்குதான் டி.சி.டி. 1992-ல் வந்த ஜேபெக்கின் இதயமே அதுதான். படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கத்தைக் குறைத்துவிடும். சிக்னல் ப்ராசஸிங் பேப்பரில் அரியர் வைத்தவன் என்றாலும், இதை மட்டும் மறக்கவில்லை!

“ராய்ட்டர்ஸே 2015-ல ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபருங்ககிட்ட, ஜேபெக்கா எடுத்ததையே அனுப்புங்கன்னு சொல்லிருச்சு மச்சி” என்று ஒரு குண்டு போட்டேன்.

“வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில கடைசி ரவுண்டு வந்தா, ஒரிஜினல் ஃபைலைக் கொண்டாடாம்பான். அப்ப என்ன பண்ணுவ?” என்று திருப்பிப் போட்டான்.

அதற்குள் பாம்பன் வந்துவிட்டது. 1914-ல் திறந்த பழைய பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு, கப்பல் வந்தால் லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகும். இரண்டு பக்கமும் கடல். சண்டையை மறந்துவிட்டு இரண்டு பேரும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றோம். ஒரு க்ளிக்கூட இல்லை!

கூரை இல்லாத கோயில்

ராமேஸ்வரத்திலிருந்து பஸ். ஒரு காலத்தில் மணலுக்குள் வேனில் குலுங்கிக் குலுங்கித்தான் தனுஷ்கோடிக்குப் போக முடியும். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் அமைதியாக வங்கக்கடல்... அதுக்குப் பேரு பெண் கடல். இன்னொரு பக்கம் சதா சீறிக்கொண்டே இருக்கும் ஆண் கடல். நடுவில் ரிப்பன் மாதிரி ரோடு.

சர்ச் முன்னால் இறங்கினோம். கூரை கிடையாது. நிற்கும் சுவர்களில் பவளப்பாறைக் கற்கள், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக. பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷனின் மிச்சம். 1964 வரைக்கும் போட் மெயிலில் வந்து இறங்கி, இங்கிருந்து கப்பல் ஏறி தலைமன்னார் போவார்களாம். புயல் ராத்திரி பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோய்விட்டது. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அதுக்கப்புறம் அரசாங்கம், மனுஷங்க வாழ லாயக்கில்லாத ஊர் என்று அறிவித்துவிட்டது.

உச்சி வெயில். வெள்ளை மணல் கண்ணைக் கூசுகிறது. சுவரின் உள்பக்கமோ ஒரே நிழல். ஒரே ஃப்ரேமில் இரண்டையும் பிடிக்கணும். நான் சுவரைப் பார்த்து அளந்து சுடச்சுட முப்பது படம் எடுத்தேன். வெயிலில் ஸ்க்ரீன் சுத்தமாகத் தெரியவில்லை. அவனோ வானத்தைப் பார்த்து அளந்தான். கையால் மறைத்து அவன் ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தேன். சுவர் கன்னங்கரேல்!

“என்னடா, கரிக்கட்டையை எடுத்து வெச்சிருக்க?”

“வானம் வெளுத்துட்டா ராவாலயும் காப்பாத்த முடியாது மச்சி. இருட்டுக்குள்ள இருக்கிறதை வெளிய இழுத்துக்கலாம்” என்றான். சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு அன்னிக்கு சாயங்காலமே வட்டியோடு கட்டினேன்.

நீலம்... எல்லாம் நீலம்!

அரிச்சல்முனையில் ஒரு கூட்டம் கடல்பறவைகள் சட்டென்று எழும்பியது. எனக்கு வரிசையாக இருபது படம். அவனுக்கு ஏழாவது படத்திலேயே கேமரா மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ரா ஃபைல் ஒவ்வொன்றும் 25 எம்.பி. கார்டில் எழுதி முடிக்கிற வரைக்கும் பறவை வெயிட் பண்ணுமா? எட்டு ஜி.பி. கார்டில் எனக்கு 800 படம், அவனுக்கு 300. ஜேபெக் பார்ட்டி வாழ்க என்று கோஷம் போட்டுக்கொண்டே, ஒரு பாசிமணிக் கடை நிழலில் ஒதுங்கி என் படங்களைத் தட்டிப் பார்த்தேன்.

நெஞ்சு நின்றுவிட்டது. சர்ச் முழுக்க நீலம்! போன வாரம் காலேஜ் டிராமாவுக்காக ஒயிட் பேலன்ஸை மஞ்சள் பல்புக்கு மாற்றியிருந்தேன். திரும்ப மாற்றவே இல்லை. வானம் வேறு வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ராவாக இருந்தால், கம்ப்யூட்டரில் ஒரே சொடுக்கில் சரிசெய்யலாம். ஜேபெக்கில் அந்த நீலத்தை கேமராவே சமைத்து முடித்துவிட்டது.

அவசரமாக செட்டிங்கை மாற்றினேன். அப்போதுதான் கடைக்கார அக்கா கேட்டாங்க. “தம்பி, அந்தப் பெரிய கேமராவுல எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்க. கல்யாணத்தன்னிக்கு எடுத்ததுதான். அதையும் செல் அரிச்சுருச்சு. போன்ல வேணாம், கையில புடிச்சுப் பார்க்குற மாதிரி வேணும்.” அவர் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டே சட்டைப் பட்டனைப் போட்டார். நான் எடுத்தேன். அவனும் எடுத்தான். “சாயங்காலம் ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன், அங்க குடுங்க தம்பி” என்றார் அக்கா.

திரும்பும்போது பஸ் சர்ச் வாசலில் நின்றது. இறங்கினால் அம்மாச்சிக்கு நல்ல படம் கிடைக்கும். ஆனால், அடுத்த பஸ்ஸைப் பிடித்து, பிரின்ட் போட்டு, அக்காவிடம் கொடுத்து, ரயிலைப் பிடிப்பது நடக்காத காரியம். படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டேன்.

“ஏறுடா. சுவர் என் ராவுல இருக்கு” என்றான்.

“கரிக்கட்டைதானடா இருக்கு?”

“இருக்கு மச்சி. நம்பு.”

ஏறிவிட்டேன். வழி முழுக்க அவனிடம் பேசவில்லை.

ராமேஸ்வரம் ஸ்டுடியோவில் அவன் கார்டைத்தான் முதலில் நீட்டினோம். அவன் எடுத்ததில்தான் அக்கா சிரித்திருந்தார். ஸ்டுடியோ அண்ணன் மவுஸை இரண்டு தட்டு தட்டிவிட்டு, “இது ஓப்பன் ஆகலையே. ஜேபெக் இருக்கா?” என்றார். ரா பார்ட்டியின் முகத்தைப் பார்க்கணுமே! என் கார்டைக் கொடுத்தேன். சில நிமிஷத்தில் பிரின்ட் கையில். பஸ் ஸ்டாண்டில் அக்கா அதை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கண்ணாடிப் பாசிமாலை ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஸ்கோர் 1 - 1. ஆனால், அம்மாச்சி மேட்டர் பாக்கி!

கல்லு தெரியுதே!

ஹாஸ்டலில் என் நீலப் படத்தோடு இரண்டு ராத்திரி மல்லுக்கட்டினேன். நீலத்தைக் குறைத்தால் சுவர் சேறு மாதிரி ஆனது. வெளிச்சத்தைக் கூட்டினால் நிழலுக்குள் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. என் அருமை எட்டுக்கு எட்டு! ஒரு கலருக்கு ஜேபெக்கில் 256 படிகள்தான். அவன் கேமராவின் 14 பிட் ராவில் 16,384. ஓசியில் கிடைக்கும் டார்க்டேபிள் சாஃப்ட்வேரில் அவன் நிழலை மெதுவாக மேலே தூக்கினான். கரிக்கட்டைக்குள்ளிருந்து ஒவ்வொரு கல்லாக எழும்பி வந்தது. வாயடைத்துப்போனேன்.

பயல் அதோடு விட்டானா? வானத்தை ஆரஞ்சாக்கி சினிமா போஸ்டர் மாதிரி இன்னொன்றும் செய்தான். இரண்டையும் பிரின்ட் போட்டு எடுத்துப்போனோம்.

அம்மாச்சி ஆரஞ்சுப் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்கள். “இது எங்கூரு இல்ல. அங்க மத்தியானத்துல வானம் இப்பிடி இருக்காது.” இன்னொன்றை வாங்கி ஜன்னல் பக்கம் போனார்கள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. சுவரின் ஒரு மூலையில் விரலை வைத்து, “இங்கிட்டுதான் பொம்பளப் புள்ளைகளை வரிசையா நிக்க வெச்சாங்க. எனக்கு அடுத்து நின்னவ...” என்று ஒரு பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் அதுவரைக்கும் கேட்டதில்லை. அன்றைக்கு அம்மாச்சி அந்தத் தோழியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள்.

கிளம்பும்போது கேட்டார்கள். “பஸ்ஸு கோயில் வாசல்லயே நிக்குமாடா?”

“நிக்கும் அம்மாச்சி.”

“மழைக்கு முன்ன ஒரு நாள் பாப்போம்.”

நானும் ரூம்மேட்டும் சேர்ந்து 64 ஜி.பி. கார்டு ஒன்று வாங்கிவிட்டோம். இந்தத் தடவை கேமராவில் ‘ரா + ஜேபெக்’. கட்சிக் கூட்டணி உறுதி!

கேமராவோடு கிளம்புறீங்களா பாஸ்?

* கிளம்பும் முன் ஒயிட் பேலன்ஸைப் பாருங்க. என் கதை உங்களுக்கு வேண்டாம்.

* வெயிலுக்கும் நிழலுக்கும் பெரிய வித்தியாசமா? திரும்பப் போக முடியாத இடமா? ரா போடுங்க.

* பறவை, ஸ்போர்ட்ஸ், உடனே கொடுக்க வேண்டிய படம்... ஜேபெக் போதும்.

* ராவாக இருந்தாலும், முழுசாக வெளுத்த வானம் திரும்ப வராது. அளந்து எடுங்க.

* யாரையாவது படம் எடுத்துத் தர்றேன்னு சொன்னா, கண்டிப்பாகக் கொடுத்துடுங்க.