வெறுங்கூடை

"புகைப்பழக்கம்: இல்லை" என்று அம்மாவின் மருத்துவச் சீட்டில் எழுதியிருந்தது. நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் குந்தி, ஊதுகுழல் ஊதியவள் அம்மா. பீடி குடித்தவர்களுக்கு அந்தத் தாளில் ஒரு கட்டம் உண்டு. அடுப்பு ஊதியவர்களுக்கு இல்லை. கேஸ் அடுப்பு வந்ததும் புகை போயிற்று, நோய் தங்கிவிட்டது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். "நீ உட்காரும்மா" என்றோம் எல்லோரும். உட்காரச் சொன்ன நாங்கள் யாரும் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொள்ளவில்லை.

மருத்துவர்தான் நடக்கச் சொன்னார். இந்த நோய் நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தக் குழாய்களின் உட்சுவரும் கெட்டு விறைக்கிறது, இதயநோயும் சேர்ந்து வருகிறது என்றார். நடக்கும்போது வேகமெடுக்கும் இரத்தம் அந்த உட்சுவரை உரசிப் போகிறது. உடனே அங்கே நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாய் தளர்ந்து விரிகிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்தவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. கெட்ட நுரையீரலை நடை மீட்டுத் தராது. ஆனால் கால் தசை வலுத்தால் அதே தூரத்துக்கு இத்தனை மூச்சுத் திணறாது.

30 மீட்டர் தாழ்வாரத்தில் ஆறு நிமிட நடைச் சோதனை. அம்மா இரண்டு முறை சுவரைப் பிடித்து நின்று 210 மீட்டர் நடந்தாள்.

"வீட்டுக்குள்ள நடக்காத நடையா?" என்று கேட்டாள்.

"அது நின்னு நின்னு நடக்கறதும்மா. இது விடாம நடக்கறது."

மறுநாள் காலை ஒயர்கூடையோடு கிளம்பினாள். கூடை காலி. "சும்மா நடந்தா எங்க போறேன்னு கேப்பாங்கல்ல? கடைக்குன்னு சொல்லிக்கலாம்." பெண்ணும் பொதுவெளியும் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். ஒரு பெண் வாசலைத் தாண்ட ஒரு கூடை வேண்டியிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

மூச்சு முட்டினால் உதட்டைக் குவித்து மெல்ல ஊதிவிடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். காற்றுக்குழாய் சட்டென்று மூடிக்கொள்ளாமல் இருக்க. "இதைத்தானே இத்தனை வருஷம் ஊதினேன்" என்று சிரித்தாள். ஊதுகுழலுக்குக் குவிந்த அதே உதடு, இப்போது அவளுக்காகவே குவிகிறது.

மூன்று மாதம் கழித்து 265 மீட்டர். எங்கும் நிற்கவில்லை.

இப்போது காலைக் காப்பி அப்பா போடுகிறார். நேற்று அம்மா கிளம்பும்போது கூடை ஆணியிலேயே தொங்கியது.

"கூடைம்மா?"

"எதுக்கு? நடக்கத்தானே போறேன்."