புளியமரத்தடிக் கூழ்

சரித்திர உபாத்தியாயராக உத்தியோகம் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. செத்துப் போனவர்களைப் பற்றியே நாள் முழுவதும் பேசிக்கொண்டிருப்பதால், பேய்களுக்கும் நமக்கும் ஏதோ நெருங்கிய பழக்கம் இருப்பதாகப் பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பாடத்தை ஆரம்பித்து இரண்டு நாள் ஆவதற்குள், கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு குரல், "சார், பேய் உண்டா, இல்லையா?" என்று கேட்டுவிடும். "பரீட்சையில் அந்தக் கேள்வி வராது, உட்கார்" என்று சொல்லித்தான் இத்தனை வருஷமாக நான் தப்பித்து வந்தேன்.

பையன்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. வெள்ளைக்காரர் அரசாண்ட பழைய நகரங்களில் பேயில்லாத நகரம் ஏது? கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆவி, அலிப்பூரிலுள்ள தம் பழைய மாளிகைக்கு இன்னமும் சாரட்டு வண்டியில் வந்து, காணாமற்போன காகிதங்களைத் தேடுகிறதாம். சென்னை ஆழ்வார்பேட்டையில் டி மான்டி என்ற போர்ச்சுகீசிய வியாபாரியின் பெயரால் வழங்கும் குடியிருப்பைப் பற்றி உலவிய கதைகள் 2015இல் ஒரு சினிமாவுக்கே பெயர் கொடுத்துவிட்டன.

எங்கள் சேலத்துக்கும் இந்தப் பெருமையில் குறைவில்லை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தச் சீமை கம்பெனியார் கைக்குப் போயிற்று. காப்டன் ரீடும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் பாராமகால், சேலம் பிரதேசங்களில் சுற்றி நிலத்தை அளந்து தீர்வை கட்டினார்கள். திருமணிமுத்தாற்றங்கரையில் நம்மவர் ஊர். அஸ்தம்பட்டிப் பக்கம் துரைமார் பங்களாக்கள் என்று பட்டணம் வளர்ந்தது. நான் சிறுவனாயிருந்தபோது, அந்த மரங்களடர்ந்த வீதிகளில் நள்ளிரவில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும் என்பார்கள். "உயிரோடிருந்த நாளில் தீர்வை வசூலித்த துரை, செத்த பிறகும் பாக்கியை விட மனமில்லாமல் அலைகிறார்" என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இதற்கு வியாக்கியானம் செய்வார்.

துரைப் பேய் வேடிக்கையானது. மேற்கே சங்ககிரி மலைக்குப் போனால் வேடிக்கை நின்றுவிடும். அந்தக் கோட்டையில்தான் 1805இல் தீரன் சின்னமலையையும் அவருடைய சகோதரர்களையும் கம்பெனியார் தூக்கிலிட்டார்கள். ஆடிப் பதினெட்டில் இன்றும் ஜனங்கள் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். பொழுது சாய்ந்தபின் அந்த மலையில் நிற்கக்கூடாது என்று எனக்குச் சொன்னவர்கள் யாரும் கோழைகள் அல்லர். சேலத்திலேயே 1862இல் ஏற்பட்ட மத்திய சிறைச்சாலை இருக்கிறது. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி, சுதந்திரம் வந்து மூன்று வருஷம்கூட நிறையாத காலத்தில், அங்கே நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் மாண்டார்கள். அந்தச் சுவரோரமாக இராத்திரியில் சைக்கிள் மிதிப்பவர்கள் சற்று வேகமாகவே மிதிப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

நிற்க. இவர்களுக்கெல்லாம் பெயரோ தேதியோ இருக்கிறது. புத்தகத்தில் ஒரு வரியாவது இருக்கிறது. நான் சொல்ல வந்தது பெயரில்லாத ஒரு பேயைப் பற்றி.

சேலத்திலிருந்து சங்ககிரிக்குப் போகும் பழைய ரஸ்தாவின் அருகில் எங்கள் ஊர். ஊர் எல்லையில் ஒரு பெரிய புளியமரம் நின்றது. அதில் ஒரு பெண் பேய் இருப்பதாகப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அது யாரையும் அடிக்காது, பயமுறுத்தாது. தனியாக வருகிறவர்களிடம் கையை நீட்டி, "ஒரு வாய் கூழு ஊத்து சாமி" என்று கேட்குமாம். அதற்கென்று வைத்ததை யாராவது தொட்டால் மட்டும் தீராத வயிற்றுவலி வந்துவிடுமாம். எங்கள் ஆத்தா, அதாவது என் தகப்பனாரைப் பெற்றவள், ஒவ்வொரு ஆடி அமாவாசையன்றும் புதுக் கலயத்தில் கம்பங்கூழ் கரைத்து, உப்பும் நாலு சின்ன வெங்காயமும் சேர்த்து, அந்த மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவாள்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உலகத்திலுள்ள மூடநம்பிக்கைகளை எல்லாம் ஒழித்துவிட்டுத்தான் மறு வேலை என்று தீர்மானம் செய்திருந்தேன். அந்த ஆடி அமாவாசையன்று ஆத்தாவின் பின்னாலேயே போனேன். அவள் கலயத்தை வைத்துத் திரும்பியதும் அதை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, மடமடவென்று முழுவதையும் குடித்தேன். "பார்த்தீர்களா ஆத்தா! பேயின் பங்கை நான் குடித்துவிட்டேன். என்ன செய்துவிடும்?" என்று கேட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "வயிறு நெறஞ்சுதா சாமி?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வருஷம் அவள் கூழ் வைக்கவில்லை. பகுத்தறிவு ஜயித்ததாக நான் சிநேகிதர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். நாலு வருஷத்துக்கெல்லாம் ஆத்தா காலமானாள்.

பிற்பாடு உபாத்தியாயராகி, ஜில்லாவின் பழைய ஜனத்தொகைக் கணக்கைப் பையன்களுக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். 1871ஆம் வருஷக் கணக்கில் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். பத்து வருஷம் கழித்து, 1881இல், சுமார் 16 லட்சம். ஏறியிருக்க வேண்டிய எண் மூன்றரை லட்சத்துக்கு மேல் இறங்கியிருந்தது. எங்கேயோ கூட்டல் பிழை என்று நினைத்தேன். பிழை கூட்டலில் இல்லை. நடுவில் 1876-ம் வருஷம் இருந்தது. தமிழ்க் கணக்கில் தாது வருஷம். எங்கள் பக்கத்தில் அந்தப் பஞ்சத்தைக் 'கரிப்பு' என்று சொல்லிக் கும்மியே கட்டிப் பாடினார்கள்.

மழை பொய்த்தது மெய்தான். கம்பும் சோளமும் கருகியது மெய்தான். ஆனால் சேலத்துக்கு ரயில் வந்து அப்போது சுமார் 15 வருஷமாகியிருந்தது. தானியம் அடியோடு இல்லாமற் போகவில்லை. ஏழையின் கைக்கு எட்டாத விலைக்குப் போயிற்று. இந்தியக் கோதுமை சீமைக்குக் கப்பலேறுவதும் நிற்கவில்லை. 1877 ஜனவரி 1ஆம் தேதி டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் கூட்டி, விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தார். அதே மாதத்தில் ஸர் ரிச்சர்டு டெம்பிள் தெற்கே வந்து, நிவாரண வேலையில் நாள் முழுவதும் உழைக்கும் ஆண்பிள்ளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று திட்டம் செய்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதிலும் குறைவு. ஒன்றரை ராத்தலாவது வேண்டும் என்று மாகாண சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் மன்றாடினார். சில மாதம் கழித்துக் கூலி சிறிது உயர்ந்தது. அந்தச் சில மாதம் காத்திருக்க எத்தனை உயிர்களால் முடிந்திருக்கும்?

மறுநாள் வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வகுப்பில் 45 பேர். அந்த விகிதப்படி பார்த்தால் அவர்களில் எட்டுப் பேர் இல்லை. எல்லோரும் இறந்தவர்கள் என்று சொல்வதற்கில்லை. இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு சீமைகளுக்கும் பிழைக்கப் போனவர்களும் உண்டு. இருந்தாலும் எட்டுப் பையன்களை எழுந்து வெளியே போய் நிற்கச் சொன்னபோது, காலியான இடங்களைப் பார்த்து வகுப்பு மௌனமாகிவிட்டது. எனக்குப் புளியமரத்தின் ஞாபகம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போய் அத்தையிடம் கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அது பேயில்ல கண்ணு. எங்கம்மாவோட பாட்டியப் பெத்தவ. காவேரிக் கரைப் பக்கமிருந்து புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு, சேலத்துல கஞ்சித் தொட்டி வெச்சிருக்காங்கன்னு நடந்து வந்தாளாம். கைக்கொழந்தை வழியிலயே போயிருச்சு. அந்த மரத்தடியில உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல. எட்டு வயசுப் புள்ளைய நம்மூர்ல எடுத்து வளத்தாங்க. அந்தப் புள்ளதான் கெழவியாகிற வரைக்கும் கூழு வெச்சது. அப்புறம் எங்கம்மா வெச்சாங்க."

"அப்படியானால் பேய் என்று ஏன் சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"பேய்ன்னு சொன்னாத்தான புள்ளைங்க கூழுல கைய வெக்காது!" என்றாள் அத்தை.

எனக்குத் தலை குனிந்துவிட்டது. பட்டதாரியான நான் பேயைத்தான் பார்த்தேன். அதற்குப் பின்னால் நின்ற மனுஷியைப் பார்க்கவில்லை. ஊரார் பயந்து விலகினார்கள். நான் சிரித்து விலகினேன். அவள் யார், ஏன் பட்டினி கிடந்தாள், யார் அவளைப் பட்டினி போட்டார்கள் என்று நாங்கள் இரு சாராரும் கேட்கவில்லை. பேயை ஒழிப்பது நல்ல காரியந்தான்; நான் இன்றும் பேய் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பேய்க் கதையை ஒழிக்குமுன் அதை ஒரு முறை விசாரிக்க வேண்டும். சர்க்கார் கணக்கில் பெயரில்லாமல் போன சாவுகளுக்கு, எங்கள் சீமையில் பாட்டிமார் வைத்திருந்த பதிவேடு அது ஒன்றுதான். உங்கள் ஊரிலும் ஒரு மரம், ஒரு கிணறு, ஒரு பாழும் பங்களா இருக்கும். அதைப் பற்றித் தெரிந்த கிழவி ஒருத்தியும் இருப்பாள். அவள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.

புளியமரம் இப்போது இல்லை. ரஸ்தாவை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். சென்ற ஆடி அமாவாசையன்று நானே கம்பங்கூழ் கரைத்து, புதுக் கலயத்தில் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். பேய் உண்டா என்று கேட்கும் கடைசி பெஞ்சிப் பையனும் அவனுடைய தோழர்கள் இருவரும் கூட வந்தார்கள். லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. கலயத்தை மண்ணில் வைத்தேன். பெயர் தெரியாததால் பெயர் சொல்லி அழைக்க முடியவில்லை. "தாயே" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பப் புறப்பட்டபோது அந்தப் பையன் தயங்கி நின்றான். காலையில் அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. "சார், அதைக் குடித்தால் தப்பா?" என்று கேட்டான்.

"குடி, தம்பி" என்றேன்.

மூவருமாகப் பகிர்ந்து குடித்தார்கள். கலயம் காலியானதும் ஆத்தா என்னைக் கேட்டதையே நான் அவர்களிடம் கேட்டேன்.

"நிறைந்தது சார்" என்றார்கள்.