ஒரு கட்டு நார்

'பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்' என்னும் பழமொழியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் விளக்கியிருக்கிறேன். நற்சேர்க்கையின் பயன் என்று மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெறுவார்கள். அது பிழையன்று. ஆயினும், பூக்கட்டும் குடும்பத்தில் பிறந்த எனக்கு, அப்பழமொழியைச் சொல்லும்போதெல்லாம் நாவில் ஒரு தயக்கம் தோன்றும். நாரைப் பூவின் தயவில் வாழும் பொருளாக எண்ணி நான் ஒருமுறை செய்த பிழையே அதற்குக் காரணம்.

சிங்கப்பூரில், அப்பர் தாம்சன் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதை ஒன்றின் ஓரத்தில் எங்கள் கம்பத்து வீடு இருந்தது. அத்தாப்புக் கூரை, பலகைச் சுவர், பின்புறம் கிணறு, கிணற்றைச் சுற்றி வாழை. தந்தையார் விடியுமுன் மிதிவண்டியில் தேக்காவுக்குச் சென்று பூ வாங்கி வருவார். அன்னையாரும் பாட்டியும் அண்டை வீட்டுப் பெண்கள் மூவரும் திண்ணையில் அமர்ந்து கட்டுவார்கள். அம்மூவருள் ஒருவர் சீனர். அவருக்குத் தமிழில் நூறு வரை எண்ணத் தெரியும். வேறு ஒரு சொல்லும் தெரியாது. முழம் எண்ணுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

நாருக்கு நாங்கள் காசு கொடுத்ததில்லை. வாழையின் வெளிமட்டைகள் மரத்திலேயே காய்ந்து தொங்கும். அவற்றை உரித்து, உலர்த்தி, கட்டுக்கட்டாகப் பரணில் அடுக்கி வைப்போம். வேண்டும்போது நீரில் ஊறவைத்து, நகத்தால் மெல்லிய இழைகளாகக் கிழித்துக்கொள்வோம். இப்பக்கம் இரண்டு மொட்டு, அப்பக்கம் இரண்டு மொட்டு, நடுவே ஒரு சுற்று, ஒரு சுருக்கு. நூலில் கட்டினால் இறுக்கத்தில் காம்பு அறுந்துபோகும். ஈரநாரோ காம்பை அணைத்துக்கொள்ளும். "நூல் கையை மட்டும் அறியும், நாருக்குப் பூவையும் தெரியும்" என்பார் பாட்டி. நூலில் கட்டிய சரத்தைத் தந்தையார் கையாலும் தொடமாட்டார்.

1977ஆம் ஆண்டு நாங்கள் இடம் பெயர நேர்ந்தது. அங் மோ கியோவில், ஏழாம் மாடியில் புதுவீடு. சனிக்கிழமை லாரி வருவதாக ஏற்பாடு. மறுநாள் காலையில் ஒரு திருமணத்திற்கு ஓரிணை மணமாலையும் நூறு முழம் மல்லிகைச் சரமும் கொடுக்க வேண்டும். "வீடு மாறும் நாளில் இந்த வேலை வேண்டாமே" என்று அம்மா மன்றாடினார். "கல்யாணத் தேதியை நாமா குறித்தோம்?" என்றார் அப்பா. பேச்சு அத்துடன் முடிந்தது.

அன்று பகல் முழுவதும் கழித்த பொருள்களை எரிக்கும் வேலை எனக்கு. ஓட்டைக் கூடைகள், மக்கிய சாக்குகள், பழைய பாய்கள். பரணில் இருந்த பழுப்பு நிறக் கட்டுகளையும் இறக்கி நெருப்பில் போட்டேன். எனக்கு அப்போது வயது பதினான்கு. உயர்நிலைப்பள்ளி மாணவன், பூக்காரர் மகன் என்று தோழர்கள் அழைப்பதை விரும்பாதவன். புதுவீட்டுக்கு இந்தச் சருகுகள் எதற்கு என்று எண்ணியதும் உண்மை. அறியாமை என்று மட்டும் அதனைச் சொல்லிவிட முடியாது.

மின்தூக்கி ஐந்தாம் மாடியிலும் ஒன்பதாம் மாடியிலும்தான் நின்றது. ஐந்தில் இறங்கி, இரண்டு மாடி சுமந்து ஏறினோம். பூக்கூடைகளை ஈரச்சாக்கு மூடி முதலில் ஏற்றினார் அப்பா. அலமாரி பிறகு வந்தது. மாலை ஏழு மணிக்கு, சாமான்களுக்கு நடுவே தரையைத் துடைத்து வாழையிலை விரித்து அம்மா அமர்ந்தார். "தம்பி, நாரை எடு" என்றார்.

நான் சொன்னதைக் கேட்டு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கீழே கடையில் நூல் கிடைக்கும் என்றேன். அப்பா பதில் சொல்லாமல் மிதிவண்டிச் சாவியை எடுத்தார். என்னையும் பின்னால் ஏறச் சொன்னார்.

நாங்கள் விட்டு வந்த வீடு இருட்டில் வாய் திறந்து கிடந்தது. கதவுகளைக்கூட யாரோ அதற்குள் கழற்றிச் சென்றிருந்தார்கள். நான் மூட்டிய நெருப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ஓசை கேட்டு, அடுத்த வீட்டு மலாய்ப் பெரியவர் விளக்குடன் வந்தார். பாக்சிக் என்று அவரை அழைப்போம். செய்தியை அறிந்ததும் அவர் சிரிக்கவில்லை. உள்ளே சென்று கத்தி எடுத்து வந்தார். இருவரும் மரம் மரமாகச் சென்று காய்ந்த மட்டைகளை உரித்தார்கள். விளக்கைப் பிடித்து நின்றதே என் பணி. எங்கள் மரங்களில் போதாமல் அவருடைய வாழைகளிலும் உரித்தார்கள்.

நள்ளிரவுக்குப் பின் கட்டத் தொடங்கினோம். திண்ணையில் ஐவர் கட்டிய வேலையை அன்று அம்மாவும் பாட்டியும் அப்பாவும் செய்தார்கள். அண்டை வீட்டுப் பெண்கள் மூவரும் வெவ்வேறு குடியிருப்புகளுக்குச் சென்றுவிட்டார்கள். அன்றிரவுதான் முதன்முறையாக நானும் கட்டினேன். என் சரத்தைப் பாட்டி இருமுறை பிரித்துப்போட்டார். புது அடுக்களையின் வெக்கையில் மொட்டுகள் விரைந்து விரிந்தன. நாங்கள் தோற்றுவிடுவோம் என்றே எண்ணினேன். எனினும், ஐந்தரை மணிக்கு மணமாலைகள் கூடையில் ஏறின. சரத்தில் ஆறு முழம் குறைந்தது. அதற்குரிய பணத்தைத் திருமண வீட்டார் கேளாமலேயே அப்பா கழித்துக்கொண்டார்.

அதன்பின் ஓராண்டுக்காலம், மாதம் ஒருமுறை பாக்சிக் பேருந்தில் வாழைமட்டைக் கட்டுடன் வருவார். துணி உலர்த்தும் மூங்கில் கழிகளில் அம்மா அவற்றைக் கட்டிச் சன்னலுக்கு வெளியே நீட்டுவார். சட்டைகளுக்கு நடுவே வாழைமட்டை தொங்குவதைக் கண்டு எதிர்த்தொகுதியினர் வியந்திருக்க வேண்டும். 1978இன் இறுதியில் பாக்சிக்கும் இடம் பெயர்ந்தார். அவர் கடைசியாகக் கொண்டுவந்த கட்டைப் பாட்டி நெடுநாள் பிரிக்கவிடவில்லை. ஒரு தைப்பூசத்திற்கு முதல் நாள் அதுவும் தண்ணீரில் ஊறியது.

அடுத்த வாரம் தேக்காவிலிருந்து வந்த அப்பாவின் கூடையில், பூவின் அடியில், ஒரு நூற்கண்டு இருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.