விலாசம் இருக்கு, வீடு இல்லை

நாக்பூர் வந்து ஆறு வருஷம் ஆச்சு. நான் பி.காம்.காரன். டெபிட், கிரெடிட் தவிர வேற பாஷை தெரியாது. போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு, இன்ஜினியரிங் முதல் வருஷம் படிக்கிற மகள் லேப்டாப் முன்னால கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். காலையில சி லேப் பரீட்சை.

"என்னம்மா?"

"உங்களுக்குப் புரியாதுப்பா."

சுருக்குன்னுது. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பார்த்தா நம்ம பேங்க் கணக்குதான்! பேருக்கு 30 பைட், கணக்கு எண்ணுக்கு ஒரு இன்ட், பேலன்ஸுக்கு ஒரு டபுள். மூணும் சேர்ந்து ஒரு ஸ்ட்ரக்சர், அதுக்கு ஒரு பாயிண்டர். ஓட்டினா செக்மென்டேஷன் ஃபால்ட்.

"பாயிண்டர்னா?"

"மெமரியில எங்க இருக்குங்கிற விலாசம்ப்பா."

"அந்த விலாசத்துல வீடு இருக்கா?"

முழிச்சாள். அவளுக்கு நாலு வயசுல ராய்ப்பூருக்கு டிரான்ஸ்ஃபர். ஆர்டர் கையில இருந்தது, குவார்ட்டர்ஸ் அலாட் ஆகலை. சாமான் லாரி ராத்திரி முழுக்க ரோட்டுல நின்னுது. அதைச் சொன்னேன். "அட, மாலாக் பண்ணவே இல்லைப்பா!"ன்னு ஒரு வரி சேர்த்தாள். ஓடியது.

"எவ்வளவு இடம் கேட்டே?"

அச்சடிச்சுப் பார்த்தா 8. பாயிண்டரோட அளவையே கேட்டிருக்கா! குடும்பத்துக்கு வீடு கேட்கச் சொன்னா, விலாசம் எழுதின சீட்டு வைக்க இடம் கேட்ட கதை. இப்போ ஓடினாலும், என்னைக்காவது பக்கத்து வீட்டுக்குள்ள சாமானை இறக்கிடும். பாயிண்டருக்கு முன்னால ஒரு நட்சத்திரம் போட்டு சைஸ்ஆஃப் கேட்டதும் 48 வந்தது.

எனக்குக் கணக்கு உதைச்சுது. 30, 4, 8 கூட்டினா 42தானே? ஆறு ரூபா உதைச்சாலே பிராஞ்சை விட்டுக் கிளம்ப மாட்டோம், விடுவேனா? அவளே தேடிச் சொன்னாள். இன்ட் 4-இன் மடங்குலதான் ஆரம்பிக்கணும், அதுக்கு முன்னால 2 பைட் காலி. டபுள் 8-இன் மடங்குல, அங்கே 4 காலி. ஆறு பைட்டும் டேலி ஆச்சு. அப்பத்தான் சிரிச்சாள்.

இடம் கிடைக்கலைன்னா மாலாக் நல் தரும், பார்த்துட்டுத்தான் குடிபோகணும். முடிஞ்சதும் ஃப்ரீ பண்ணணும்.

"ஃப்ரீ பண்ணாலும் பாயிண்டர்ல பழைய விலாசம் அப்படியே இருக்கும்ப்பா. நாமதான் நல்னு மாத்தணும். இல்லேன்னா காலி பண்ணின வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே இருப்போம்."

நான் ஒண்ணும் சொல்லலை. கும்பகோணத்து வீட்டை வித்து வருஷக்கணக்காச்சு. எந்த ஃபாரத்துலயும் நிரந்தர முகவரின்னு வந்தா, கை இன்னும் அந்தத் தெருப் பேரைத்தான் எழுதுது.